ஓவர்ட்டன் ஜன்னல்: நினைக்கவே முடியாதது சட்டமாவது எப்படி?

1972 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை ஒரே வரியில் முடித்துவைத்தது. மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜாக் பேக்கர், மைக்கேல் மெக்கானல் என்ற இரண்டு ஆண்கள், தங்களுக்குத் திருமண உரிமம் தர வேண்டும் என்று போட்ட வழக்கு அது. நாங்கள் எடுத்துப் பார்க்கும்படியான சட்டக் கேள்வி எதுவும் இதில் இல்லை என்ற பொருளில் ஒரு வரி. வாதம் கேட்கவில்லை, விளக்கமும் எழுதவில்லை. 'முடியாது' என்று விரிவாகத் தீர்ப்பு எழுதியிருந்தால்கூட, அவர்கள் கேட்டது ஒரு கேள்விதான் என்றாவது ஒப்புக்கொண்டதாக இருந்திருக்கும்.

2015 ஜூன் 26 அன்று அதே நீதிமன்றம் அதே கேள்விக்கு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நாடு முழுமைக்குமாக 'ஆம்' என்றது. எதிர்த்தவர்களின் தீர்ப்புகளையும் சேர்த்தால் நூறு பக்கம் வரும்.

இடையில் 43 ஆண்டுகள். திருமணம் பற்றி அமெரிக்க அரசியல் சாசனத்தில் அப்போதும் ஒரு வரி இல்லை, இப்போதும் இல்லை. அப்படியானால் மாறியது எது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அரசியல் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுக்கும் சொல்தான் 'ஓவர்ட்டன் ஜன்னல்'. யூடியூப் விவாதங்களிலும் எக்ஸ் சண்டைகளிலும் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். பெரும்பாலும் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். என் பக்கத்து ஆட்களும் அதில் அடக்கம்.

என் பக்கம் என்றால்? நான் தன்பாலீர்ப்பாளன். அரசியலில் லிபரல். எனவே இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, ஜன்னலுக்கு வருவோம்.

எந்தப் பொது விஷயத்தை எடுத்துக்கொண்டாலும், அதில் அரசு என்னென்ன செய்யலாம் என்பதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக அடுக்கிவிடலாம். தன்பாலீர்ப்பு விஷயத்தில் ஒரு முனையில் 'சிறையில் போடு', மறுமுனையில் 'எல்லாருக்கும் உள்ள எல்லா உரிமையும் கொடு'. நடுவில் 'கண்டுகொள்ளாதே', 'வேலையை விட்டுத் தூக்காதே', 'திருமணம் என்று சொல்லாமல் வேறு பெயரில் ஒரு பதிவு வைத்துக்கொள்ளட்டும்' என்று பல படிகள். ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், இந்த வரிசை முழுவதையும் ஓர் அரசியல்வாதி ஆதரித்துப் பேச முடியாது. அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வாமல் எந்தெந்தப் படிகளை அவர் வெளிப்படையாக ஆதரிக்க முடியுமோ, அந்தப் பகுதி மட்டும்தான் ஜன்னல். வெளியே நிற்கும் யோசனைகள் தவறானவை என்று அர்த்தமில்லை. முட்டாள்தனமானவை என்றும் அர்த்தமில்லை. அன்றைய தேதிக்கு அவற்றைக் கையில் எடுப்பவருக்குச் சேதம் அதிகம், அவ்வளவுதான்.

இதை யோசித்தவர் ஜோசப் ஓவர்ட்டன். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. மிஷிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்ற ஊரில் இருக்கும் மாக்கினா மையம் என்கிற கொள்கை ஆய்வு அமைப்பில் துணைத் தலைவராக இருந்தார். அரசின் கை குறைய வேண்டும், சந்தைக்கு வழிவிட வேண்டும் என்று வாதிடும் அமைப்பு அது. அதற்கு முன் மின்பொறியாளர். 'சட்டம் போடும் அதிகாரம் இல்லாத நீங்கள் அறிக்கை எழுதி என்ன கிழிக்கப் போகிறீர்கள்?' என்பது நன்கொடையாளர்கள் மனதில் இருக்கும் நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக 1990களின் நடுவில் அவர் ஓர் அட்டையைத் தயாரித்தார். அட்டையில் யோசனைகள் மேலிருந்து கீழாக வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும்; அதன்மேல் சின்னத் திறப்பு ஒன்றை நகர்த்தலாம். திறப்பு எங்கே நிற்கிறதோ அந்த யோசனைகள் மட்டும் தெரியும். பொறியாளர் புத்தி!

இடது வலது என்று கிடைமட்டமாகப் போடாமல் மேல் கீழாகப் போட்டதும் வேண்டுமென்றே செய்ததுதான். ஒரு பக்கத்தில் அரசின் கட்டுப்பாடு அதிகம், எதிர்ப்பக்கத்தில் தனிமனித சுதந்திரம் அதிகம் என்பது அவருடைய அளவுகோல்.

2003 ஜூன் 30 அன்று, சிறுவிமானம் ஒன்றை ஓட்டிச்சென்றபோது நடந்த விபத்தில் ஓவர்ட்டன் இறந்தார். வயது 43. ஜன்னலுக்கு அவர் பெயரை வைத்தது அவருடைய சகாக்கள்தான். அவர் இறப்பதற்குச் சரியாக நான்கு நாள் முன்பு, ஜூன் 26 அன்று, தன்பாலினத்தவர் தங்களுக்குள் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய டெக்சஸ் சட்டத்தை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்திருந்தது. செய்தியை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று எனக்குச் சும்மா ஒரு யோசனை ஓடும். ஜன்னல் நகரும் சத்தம் அந்த வாரம் நன்றாகவே கேட்டிருக்கும்.

அரசியல்வாதி எங்கே நிற்கிறார்?

ஓவர்ட்டன் சொன்னதில் எல்லாரும் மறந்துவிடும் பகுதி இது. அரசியல்வாதிகள் பெரும்பாலும் ஜன்னலை நகர்த்துவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து அதற்குள் நிற்கிறார்கள். நகர்த்துவது சமூகம்: குடும்பங்கள், வேலையிடங்கள், தேவாலயங்கள், தொலைக்காட்சி, வழக்கறிஞர்கள், அறிக்கை எழுதுகிறவர்கள்.

பராக் ஒபாமாவைப் பாருங்கள். 1996இல் சிகாகோவின் ஒரு தொகுதியிலிருந்து மாநில செனட்டுக்குப் போட்டியிட்டபோது, தன்பாலினத் திருமணத்தைச் சட்டபூர்வமாக்குவதற்கு ஆதரவு என்று ஒரு பத்திரிகையின் கேள்வித்தாளில் எழுதிக்கொடுத்தார். 2008இல் அதிபர் தேர்தலில் நின்றபோது, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்றார். 2012 மே 9 அன்று, திருமண உரிமைக்கு ஆதரவு என்று தொலைக்காட்சிப் பேட்டியில் அறிவித்தார். அதற்கு மூன்று நாள் முன்பு துணை அதிபர் ஜோ பைடன் முந்திக்கொண்டு பேசிவிட்டதால் வந்த நெருக்கடியும் சேர்ந்துகொண்டது.

மனம் மாறி, திரும்ப மாறி, மறுபடியும் மாறியதா? நான் அப்படி நினைக்கவில்லை. 1996இல் அவர் முன் இருந்தது ஒரு நகரத் தொகுதியின் ஜன்னல். 2008இல் முழு நாட்டின் ஜன்னல். 2012க்குள் நாட்டின் ஜன்னல் அந்தப் பழைய தொகுதியின் ஜன்னல் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் அவர்மேல் எங்களுக்கு இருந்த கசப்பு வேறு கதை.

படிகள்

ஜோஷுவா ட்ரெவின்யோ என்ற அரசியல் எழுத்தாளர் பின்னாளில் இந்த வரிசைக்கு ஆறு பெயர் கொடுத்தார். நினைத்தும் பார்க்க முடியாதது, தீவிரமானது, ஏற்கக்கூடியது, நியாயமானது, பரவலானது, கடைசியில் அரசின் கொள்கை. ஒரு யோசனை எந்தப் படியில் நிற்கிறது என்று பேச வசதியாக இருப்பதால் இது ஒட்டிக்கொண்டது.

தன்பாலினத் திருமணம் இந்தப் படிகளில் ஏறிய விதத்தில் ஒரு விஷயம் உண்டு. நேராக ஏறவே இல்லை. 1996இல் கேலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தபோது ஆதரவு 27 சதவீதம். அதே ஆண்டு, ஹவாய் நீதிமன்றம் ஒன்று அனுமதித்துவிடுமோ என்ற பயத்தில், திருமணத்தை ஆண்-பெண் என்று மட்டும் வரையறுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. கீழவையில் 342க்கு 67. கையெழுத்திட்டவர் அன்றைய அதிபர் பில் கிளிண்டன், எங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர். 2004 மே மாதம், மாநிலச் சட்டமே ஏற்றுக்கொண்ட முதல் திருமணங்கள் மாசசூசெட்ஸில் நடந்தன. அதே ஆண்டு நவம்பரில், ஒரே நாளில், 11 மாநிலங்களில் வாக்காளர்கள் அதற்குத் தடை போட்டார்கள். பதினொன்றிலும் தோற்றோம். 2008இல் ஒபாமா ஜெயித்த அதே இரவில் கலிபோர்னியாவும் தடைக்கு வாக்களித்தது. 2011இல்தான் கேலப் கணிப்பில் ஆதரவு முதல்முறையாகப் பாதியைத் தாண்டியது.

யார் தள்ளினார்கள்?

இங்கேதான் இணையத்தில் உலவும் பிரபலமான விளக்கம் தடம் புரள்கிறது. 'ஓவர்ட்டன் ஜன்னலை நகர்த்துவது' என்றால், உச்சபட்சமாக எதையாவது கத்து, அதைக் கேட்டு அதிர்ந்தவர்களுக்கு அதில் பாதி மிதமாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். பேரம் பேசுகிறவரின் தந்திரம் அது. சில சமயம் பலிக்கும். ஆனால் ஓவர்ட்டன் சொன்னது அது இல்லை. யோசனையைப் பொறுமையாக விளக்கி, பழக்கப்படுத்தி, சாதாரணமாக்குவதைப் பற்றித்தான் அவர் பேசினார்.

திருமண விஷயத்தில் நடந்ததும் பெரும்பாலும் அதுதான். 1989இல் ஆண்ட்ரூ சல்லிவன் என்ற இளம் பத்திரிகையாளர் ஒரு தேசிய வார இதழில் தன்பாலினத் திருமணத்துக்காக வாதிட்டார். அவரும் தன்பாலீர்ப்பாளர், ஆனால் பழமைவாதி. பொறுப்பு, நிலைத்த குடும்பம் என்று பழமைவாதிகள் போற்றும் மதிப்புகளை வைத்தே அவர் வாதம் நகர்ந்தது. அன்று எங்கள் இயக்கத்திலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. திருமணம் என்ற பழைய அமைப்புக்குள் நுழைய நாம் ஏன் அலைய வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் எங்களை வெறுத்தவர்களின் மொழியில் எங்களுக்காகப் பேசிய அந்த வாதம் போன இடங்களுக்கு, ஊர்வலத்தின் கோஷம் போகவில்லை.

அதைவிடப் பெரிய தள்ளல், பெயர் தெரியாதவர்கள் கொடுத்தது. தன்பாலீர்ப்பாளர் என்று தங்களிடமே சொன்ன ஒரு நண்பரோ உறவினரோ சக ஊழியரோ உண்டு என்று 1985இல் சொன்ன அமெரிக்கர்கள், கேலப் கணக்குப்படி, கால்வாசிப் பேர். 2013இல் முக்கால்வாசி. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சாப்பாட்டு மேசையில் கை நடுங்கச் சொல்லியிருக்கிறார். அம்மா எழுந்து போயிருக்கிறார், அல்லது போகாமல் இருந்திருக்கிறார். அந்த அம்மா வாக்குப்பெட்டி முன் நிற்கும்போது 'அவர்கள்' என்ற சொல்லுக்கு ஒரு முகம் இருக்கும். அதைக் கோபமூட்டும் பதிவு போட்டுச் சாதிக்க முடியாது.

பழைய துணி, புதுச் சாயம்

ஜன்னல் ஒரு திசையில்தான் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. 1977இல் புளோரிடாவின் மயாமிப் பகுதியில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாதுகாப்புத் தந்த உள்ளூர்ச் சட்டத்தை ரத்துசெய்ய, பாடகி அனிடா பிரயன்ட் தலைமையில் ஓர் இயக்கம் நடந்தது. 'குழந்தைகளைக் காப்பாற்றுவோம்' என்பதுதான் கோஷம். ஜெயித்தார்கள். மறு ஆண்டு கலிபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்கள் பள்ளி ஆசிரியர்களாக இருப்பதைத் தடுக்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களில் ஒருவர், நம்புங்கள், பின்னாளில் குடியரசுக் கட்சி அதிபரான பழமைவாதி ரொனால்ட் ரேகன். முன்மொழிவு தோற்றது.

2022இல் அதே புளோரிடா. ஆரம்ப வகுப்புகளில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிக் கற்பிப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. எதிர்த்தவர்களைக் குழந்தைகளைத் தவறான நோக்கத்தோடு வசப்படுத்துகிறவர்கள் என்று குறிக்கும் 'க்ரூமர்' (groomer) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் இணையம் முழுக்க ஓடியது. அதற்குமுன் அந்தச் சொல் இணையத்தின் ஓரத்தில் ட்ரோல்களின் வசை. அந்த ஆண்டு மாநில ஆளுநரின் ஊடகச் செயலாளரே அதைப் பயன்படுத்தினார். 45 ஆண்டுக்கு முந்தைய குற்றச்சாட்டு, ஹேஷ்டேகோடு திரும்பி வந்தது.

எண்களும் அசைந்தன. குடியரசுக் கட்சியினரிடையே தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவு 2021இல் 55 சதவீதம். 2025இல் 41. அதே 2025இல் ஒட்டுமொத்த நாட்டில் 68 சதவீத ஆதரவு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த 14 புள்ளி எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. ஜன்னல் காட்டுவது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதை அல்ல. எதைக் கூச்சமில்லாமல் சொல்லலாம் என்பதை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஆண்டுகளில், சிலர் மனம் மாறியிருந்தார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதிர்க்கருத்து சொன்னவரை இணையத்தில் கூடி வெளுப்பதை வெற்றி என்று எண்ணிய லிபரல்கள் (அந்தக் கூட்டத்தில் நானும் சில நாள் நின்றேன்) இரண்டாவது வகை ஆட்களைத்தான் உற்பத்தி செய்தோம்.

இணையம் என்ன செய்கிறது?

ஓவர்ட்டன் இறந்தபோது ஃபேஸ்புக்கே கிடையாது. அவருடைய அட்டையில் ஒரே ஒரு திறப்புதான் இருந்தது. எல்லாரும் அதன் வழியாக ஒரே வரிசையைப் பார்த்தார்கள். இன்று ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு ஃபீட், ஆளுக்கு ஒரு ஜன்னல்.

அதில் தெரிவது நாடு இல்லை. 2019இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு: அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்தும் வயதுவந்தோரில் பத்து சதவீதம் பேர்தான் எல்லா ட்வீட்டுகளிலும் 80 சதவீதத்தை எழுதினார்கள். மிச்சப் பேர் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். அப்புறம் அல்காரிதம். 2017இலிருந்து சில காலம், ஃபேஸ்புக்கில் ஒரு கோபப் பொம்மையை அழுத்தினால் அது ஐந்து லைக்குக்குச் சமமாக எண்ணப்பட்டது என்பது, நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளிவந்தபோது தெரிந்தது. எரிச்சலூட்டும் பதிவு கூடுதல் கண்ணுக்குப் போகும். பத்து பேர் சொல்வது ஊரே சொல்வதுபோல் தோன்றும். 'ஓ, இதையெல்லாம் இப்போது சொல்லலாம் போலிருக்கிறதே' என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால், அவருக்குள் ஜன்னல் நகர்ந்துவிட்டது.

அடுத்தது மீம். நேராகச் சொன்னால் வேலை போகும் ஒரு கருத்தை நகைச்சுவையாகச் சொல்லலாம். யாராவது பிடித்துக்கொண்டால் 'ஜோக் புரியலையா?' என்று கேட்டு நழுவலாம். இது தற்செயலாக நடப்பதில்லை. 2017இல் நவநாஜி இணையதளம் ஒன்று தன் எழுத்தாளர்களுக்கு வைத்திருந்த வழிகாட்டி கசிந்தது. புதிதாகப் படிக்கிறவருக்கு நாம் விளையாட்டாகச் சொல்கிறோமா, நிஜமாகச் சொல்கிறோமா என்று தெரியக்கூடாது என்ற அறிவுரை அதில் இருந்தது. நூறாவது முறை பார்க்கும்போது அதிர்ச்சி போய்விடும். அதிர்ச்சி போனதும் ஜோக்கிலிருந்து ஜோக்கைக் கழற்றிவிடுவார்கள்.

அவர்களுக்குச் சம்பளமில்லாத விளம்பர ஆட்கள் நாங்கள்தான். யாரோ ஐம்பது பேர் பார்த்த அசிங்கமான பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 'பாருங்கள் இந்தக் கொடுமையை' என்று ஐந்து லட்சம் பேருக்குக் காட்டுவோம். 'நினைத்தும் பார்க்க முடியாதது' என்ற படியிலிருந்து ஒன்றைக் கிளப்ப, அதை எல்லாரும் நினைத்துப் பார்க்கும்படி செய்தாலே போதும்.

ஜன்னலில் உள்ள ஓட்டைகள்

அரசியல்வாதிகள் பின்தொடர்கிறவர்கள் என்ற ஓவர்ட்டனின் விதி எப்போதும் பொருந்துவதில்லை. 2015 டிசம்பர் 7 அன்று, முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை முழுமையாக நிறுத்த வேண்டும் என்றார் டொனால்ட் டிரம்ப். அவர் கட்சியின் பெருந்தலைகளே கண்டித்தார்கள். இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸ், இது புண்படுத்துவது, அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று ட்வீட் போட்டார். ஏழே மாதத்தில் அதே டிரம்ப்பின் துணை அதிபர் வேட்பாளராகி, ஜெயித்தும் விட்டார். 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாடுகளுக்குத் தடை உத்தரவு வந்தது. இரண்டு முறை திருத்தி எழுதப்பட்ட அதன் மூன்றாம் வடிவத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதுவும் ஐந்துக்கு நான்கு. அதுவும் ஜூன் 26.

இங்கே தலைவரே ஜன்னலைத் தோளால் இடித்துத் தள்ளினார். அல்லது, ஜன்னல் ஏற்கெனவே அங்கே இருந்ததைக் கட்சிப் பெருந்தலைகளுக்கு முன்பே அவர் மோந்துவிட்டார். இரண்டில் எது என்று கேட்டால், ஓவர்ட்டன் ஜன்னலால் பதில் சொல்ல முடியாது. நடந்து முடிந்ததை விளக்க அது கெட்டிக்காரத்தனமான கருவி. நடக்கப்போவதைச் சொல்ல உதவாது. அளக்கவும் சரியான அளவுகோல் கிடையாது. ஆகவே, 'ஜன்னல் நகர்ந்துவிட்டது' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஒன்றுதான் கேட்பேன்: இதைச் சொன்னவர் எதையாவது இழந்தாரா? பதவி, வாக்கு, வேலை, ஒரு மேடை? ஒன்றும் போகவில்லை என்றால் நகர்ந்திருக்கிறது. பத்தாயிரம் ஷேர் கிடைத்தது என்பது அதற்குச் சாட்சி ஆகாது.

முதலில் சொன்ன மின்னசோட்டாக்காரர்கள் கதையில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பேக்கர் சட்டப்படி தன் பெயரை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் 'பாட் லின்' என்ற பெயராக மாற்றிக்கொண்டார். இருவரும் வேறொரு மாவட்டத்துக்குப் போய் விண்ணப்பித்தார்கள். உரிமம் கிடைத்தது. 1971 செப்டம்பர் 3 அன்று கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணம் செல்லும் என்று 2018இல் மின்னசோட்டா நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். கேள்வியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஒற்றை வரியை எழுதிய நாளில், அவர்களுக்குத் திருமணமாகி ஓராண்டு கடந்திருந்தது.